பிஎச் மீட்டர் ஏன் அலைபாய்கிறது?

1934-இல் கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்கச் சிரமப்பட்ட வேதியியலாளர் ஒருவர், தன் கல்லூரித் தோழர் ஆர்னால்டு பெக்மனிடம் யோசனை கேட்டார். பெக்மன் கண்ணாடி மின்முனையோடு வெற்றிடக் குழாய்ப் பெருக்கி ஒன்றை இணைத்துக் கொடுத்தார். இன்று ஆய்வகம்தோறும் இருக்கும் பிஎச் மீட்டர் அந்த வழியில் வந்ததுதான்.

பெருக்கி எதற்கு? 25 டிகிரி செல்சியஸில் பிஎச் ஓர் அலகு மாறினால் மின்முனை சுமார் 59 மில்லிவோல்ட் மாற்றம் காட்டும். இது அளக்கக்கூடிய அளவுதான். ஆனால் கண்ணாடிக் குமிழின் மின்தடை பல கோடி ஓம். அது 10 கோடி ஓம் என்றால், ஒரு நானோஆம்பியர் கசிந்தாலே 100 மில்லிவோல்ட் பிழை வரும்; அதாவது பிஎச்சில் 1.7 அலகு. அதனால்தான் மீட்டரின் உள்ளீட்டுத் தடை ஒரு லட்சம் கோடி ஓம் அளவில் இருக்க வேண்டும். இந்த நிலையில் விரல் ரேகை, பற்றவைப்பில் தங்கிய ஃப்ளக்ஸ், கனெக்டரில் படிந்த ஈரம் எல்லாமே கசிவுப் பாதைகள்தான்.

மீட்டர் காட்டும் எண் நிலைக்காமல் ஓடினால், மின்முனை முதல் மீட்டர் வரையுள்ள சங்கிலியைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

முதலில் மின்முனையைக் கழற்றி, உள்ளீட்டை ஷார்ட் செய்யுங்கள். பூஜ்ய மில்லிவோல்ட்டுக்கு அருகில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கோளாறு மீட்டரில்.

நின்றால், ஷார்ட்டுக்குப் பதில் 100 மெகாஓம் ரெசிஸ்டரைப் போட்டு, உலோகப் பெட்டியால் மூடுங்கள். அளவு இப்போது நகர்ந்தால் உள்ளீட்டில் மின்னோட்டம் கசிகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். போர்டை வடிவமைப்பவர்கள் உள்ளீட்டைச் சுற்றி, அதே மின்னழுத்தத்தில் ஒரு காப்பு வளையம் இடுவார்கள். இரு பக்கமும் மின்னழுத்தம் சமம் என்பதால் கசிவு பெரிதும் அடங்கிவிடும்.

அடுத்து மின்முனையை மாட்டி, பிஎச் 7, பிஎச் 4 பஃபர் கரைசல்களில் மாறி மாறி வையுங்கள். வித்தியாசம் 177 மில்லிவோல்ட் அளவில் வர வேண்டும். மிகவும் குறைந்தாலோ, மெதுவாக ஏறினாலோ குமிழ் உலர்ந்திருக்கலாம்; ஒப்பீட்டு மின்முனையின் நுண்துளை அடைத்திருக்கலாம். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்துப் பாருங்கள்.

பீக்கரில் சரியாக இருந்து, பம்ப் ஓடும் தொட்டியில் அளக்கும்போது மட்டும் எண் ஆடினால் பம்ப் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். எண் நின்றுவிட்டால், மோட்டாரின் மின்கசிவோ எர்த் இணைப்பில் சுழலும் மின்னோட்டமோதான் காரணம். மின்சாரத் தனிமைப்படுத்தல் உள்ள மீட்டர் இதைத் தீர்க்கும்.

மின்முனையை வடிநீரில் போட்டு வைக்காதீர்கள். மின்முனையின் அயனிகள் வெளியேறிவிடும். புது மின்முனை வாங்கப் புறப்படும் முன் ஷார்ட் சோதனையைச் செய்துவிடுங்கள். அதற்கு ஒரு கம்பித் துண்டு போதும்.