உங்களுக்குத் தெரியுமா? வாஷிங்டனின் சிப்பாய்களும் வராத சம்பளமும்

பிரிட்டனை எதிர்த்து அமெரிக்காவின் 13 குடியேற்றங்களும் 1775-இல் ஒன்றாகப் படை திரட்டின. படையை நடத்திய அரசாங்கத்தின் பெயர் கான்டினென்டல் காங்கிரஸ். இந்தப் பேரவைக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாகாணங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

● பேரவையின் முதல் ஆள்சேர்ப்பு 1775 ஜூன் 14 அன்று முடிவானது. மொத்தம் 10 ரைஃபிள் கம்பெனிகள்: பென்சில்வேனியாவில் 6, மேரிலாந்தில் 2, வர்ஜீனியாவில் 2. சிப்பாய்க்கு மாதம் 6⅔ டாலர், கேப்டனுக்கு 20 டாலர். துப்பாக்கியும் துணிமணியும் அவரவர் பொறுப்பு.

● தளபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மாதம் 500 டாலர் ஒதுக்கினார்கள். சம்பளம் வேண்டாம், செலவுக் கணக்கை மட்டும் தீர்த்தால் போதும் என்றார் அவர். எட்டு ஆண்டுக் கணக்கைத் தம் கையாலேயே எழுதி 1783-இல் ஒப்படைத்தார்.

● வரி இல்லாமல் சம்பளம் எப்படி? காகிதப் பணம் அச்சடித்தார்கள். 1775 ஜூனில் 20 லட்சம் டாலரில் தொடங்கியது, 1779 முடிவதற்குள் 20 கோடியைத் தொட்டது. போதாக்குறைக்குப் பிரிட்டிஷார் கள்ள நோட்டு அடித்து உள்ளே விட்டார்கள். 1780 மார்ச்சில் பேரவையே தன் நோட்டின் மதிப்பை நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்தது. மாதம் 6⅔ டாலர் வாங்கிய சிப்பாயின் நிலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

● முதலில் ஓராண்டு ஒப்பந்தத்தில்தான் ஆள் எடுத்தார்கள். நிலையான படை வைத்திருக்கும் அரசு மக்களை நசுக்கும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். விளைவு, டிசம்பர் வந்தாலே படை கரையத் தொடங்கியது. 1776 டிசம்பர் கடைசியில், ட்ரென்டனில் வென்ற சூட்டோடு, இன்னும் ஆறு வாரம் இருந்தால் 10 டாலர் தருவதாக வாஷிங்டன் தம் வீரர்களிடம் சொன்னார். முதல் அழைப்புக்கு ஒருவரும் முன்வரவில்லை என்று அங்கே நின்ற சார்ஜென்ட் ஒருவர் பின்னாளில் எழுதினார். மறுபடி கெஞ்சாத குறையாகக் கேட்ட பிறகே ஆட்கள் முன்வந்தார்கள். கொடுப்பதாகச் சொன்ன பணம் அப்போது வாஷிங்டன் கையில் இல்லை. பிலடெல்ஃபியா வணிகர் ராபர்ட் மோரிஸுக்கு அவசரமாக எழுதித்தான் வரவழைத்தார்.

● அதே ஆண்டு செப்டம்பரிலேயே பேரவை பாடம் கற்றிருந்தது. 88 பட்டாலியன்கள், போர் முடியும்வரை சேவை. மாசசூசெட்ஸுக்கும் வர்ஜீனியாவுக்கும் தலா 15, சின்னஞ்சிறு டெலவேருக்கு 1 என்று பங்கு பிரித்தார்கள். சேருபவருக்கு 20 டாலர் ஊக்கத்தொகை. போர் முடிந்ததும் நிலம்: சிப்பாய்க்கு 100 ஏக்கர், கர்னலுக்கு 500 ஏக்கர்.

அந்த நிலம் பேரவையிடம் அப்போது இல்லை. பின்னர் 1796-இல் ஒஹையோவில் ஒதுக்கப்பட்ட பகுதி, பூர்வகுடிகளைப் போரில் தோற்கடித்துப் பறித்த மண். அங்கேயும் 4,000 ஏக்கருக்குக் குறைந்து பதிய முடியாது என்று விதி போட்டார்கள். 100 ஏக்கர் சீட்டு வைத்திருந்த ஏழை என்ன செய்வான்? நில வியாபாரியிடம் வந்த விலைக்கு விற்றான். 1800-இல் விதியைத் தளர்த்தியபோது பலருடைய சீட்டு கைமாறிவிட்டிருந்தது.

● கட்டாய ஆள்சேர்ப்பும் உண்டு. 1778 பிப்ரவரியில், மாகாணக் குடிப்படையிலிருந்து ஒன்பது மாதத்துக்கு ஆள் எடுங்கள் என்று பேரவை பரிந்துரைத்தது. பெயர் வந்தவர் காசு கொடுத்து மாற்று ஆளை அனுப்பலாம். நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் இருக்க, கூலிக்காரர்களும் அயர்லாந்து, ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களும் போர்க்களம் போனார்கள்.

● ரோட் ஐலண்ட் மாகாணம் தன் பங்கு ஆட்களைச் சேர்க்க முடியாமல் 1778-இல் அடிமைகளைச் சேர்க்கச் சட்டம் போட்டது. படையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடனே அந்த மனிதர் விடுதலையானவர். உடைமையாளருக்கு 120 பவுண்டு வரை இழப்பீடு. போர் முழுவதிலும் சுமார் 5,000 கறுப்பினத்தவர் புரட்சியின் பக்கம் நின்றார்கள்.

● 1775 நவம்பரில் பேரவை வகுத்த தினப்படி ரேஷனில் ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி, பால், கூடவே ஒரு குவார்ட் பீர் அல்லது ஆப்பிள் மது. ஏட்டில் இருந்தது இது. வேலி ஃபோர்ஜ் முகாமில் 1777–78 குளிர்காலத்தில் நோயால் செத்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்.

● அந்த முகாமுக்கு வந்துசேர்ந்த பிரஷ்யர் ஃபான் ஸ்டாய்பனுக்கு ஆங்கிலம் தெரியாது. நூறு பேர் கொண்ட ஒரு மாதிரிக் கம்பெனிக்குத் தாமே கவாத்து பழக்கினார். அவர்கள் மற்றவர்களுக்குப் பழக்கினார்கள். 1779-இல் வந்த அவருடைய விதிநூல் அமெரிக்கப் படையின் அடிப்படை ஏடானது.

● பிலடெல்ஃபியா பெண்கள் 1780-இல் எஸ்தர் ரீட் தலைமையில் வீடுவீடாகப் போய் 3 லட்சம் காகித டாலர் திரட்டினார்கள். சிப்பாய் ஒவ்வொருவருக்கும் வெள்ளிக்காசு 2 டாலர் கொடுக்க எஸ்தருக்கு ஆசை. வாஷிங்டன் மறுத்துச் சட்டை கேட்டார். எஸ்தர் அந்தச் செப்டம்பரில் இறந்துவிட, பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகள் சாரா பாச்சே வேலையை முடித்தார். 2,000-க்கும் மேற்பட்ட சட்டைகள். ஒவ்வொன்றிலும் தைத்த பெண்ணின் பெயர்.

● 1781 புத்தாண்டு இரவில் மோரிஸ்டவுன் அருகே பென்சில்வேனியப் படை கலகம் செய்தது. ஓராண்டாகச் சம்பளம் இல்லை. உடுத்தத் துணி இல்லை. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 'மூன்று ஆண்டு அல்லது போர் முடியும் வரை' என்று இருந்தது. மூன்று ஆண்டு முடிந்தது, வீட்டுக்கு விடுங்கள் என்றார்கள் சிப்பாய்கள். போர் முடியவில்லையே என்றார்கள் அதிகாரிகள். 20 டாலருக்குச் சேர்ந்தவர்கள் நிற்கிற இடத்தில், புதிதாக வருபவர்களுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குத்தான் வயிறு எரியாது?

சார்ஜென்ட்கள் குழு அமைத்து ஒழுங்காக அணிவகுத்துப் பிரின்ஸ்டன் போனார்கள். பாக்கியைத் தீர்க்கிறோம், எங்கள் பக்கம் வாருங்கள் என்று பிரிட்டிஷ் தளபதி கிளின்டன் இரண்டு தூதர்களை அனுப்பினார். கலகக்காரர்கள் அந்த இருவரையும் பிடித்துக் கொடுத்தார்கள், இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு வெகுமதியாக 100 தங்கக் கினி தர முன்வந்தபோது சார்ஜென்ட்கள் வாங்க மறுத்தார்கள். சம்பளமே காணாதவர்கள் மறுத்த தங்கம் அது! பேச்சுவார்த்தையின் முடிவில் சுமார் 1,300 பேருக்கு விடுவிப்பு கிடைத்தது.

அதே மாதம் நியூ ஜெர்சி வீரர்கள் இதே வழியில் இறங்கினார்கள். இம்முறை வாஷிங்டன் படை அனுப்பினார். தலைவர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட வைத்தது அவர்களுடைய கூட்டாளிகளையே. படையைக் கட்டுக்குள் வைக்க வேறு வழி இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அந்தத் தண்டனை நியாயமாகப் படவில்லை.

● அந்த ஆண்டே யார்க்டவுனை நோக்கி அணிவகுத்தபோது, வீரர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் நிஜக் காசாகக் கிடைத்தது. அமெரிக்காவுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையின் தளபதி ரோஷாம்போவின் கருவூலத்தில் கடன் வாங்கிக் கொடுத்தது அது. 15 வயதில் படையில் சேர்ந்த ஜோசப் ப்ளம்ப் மார்ட்டின், 1776-க்குப் பிறகு தாம் சம்பளமாகப் பார்த்த உருப்படியான பணம் அது ஒன்றுதான் என்று தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார்.

● 1783-இல் வீட்டுக்கு அனுப்பியபோது சம்பள பாக்கிக்குக் கடன் பத்திரம் கொடுத்தார்கள். ஊர் போய்ச் சேரவும் மாற்றுத் துணி வாங்கவும் பலர் அதை விற்றார்கள். டாலருக்குப் பத்துப் பதினைந்து சென்ட்தான் விலை. 1790-இல் நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் பத்திரங்களை முழு மதிப்புக்கு ஏற்கத் திட்டமிட்டார். லாபம் முழுவதும் வாங்கிப் பதுக்கியவர்களுக்கே போகும், முதலில் வாங்கிய சிப்பாய்க்கும் பங்கு கொடுங்கள் என்று பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசன் வாதாடினார். 36-க்கு 13 என்ற வாக்கில் அவர் தோற்றார்.

● 1784 ஜூனில் பேரவை படையைக் கலைத்தது. மிச்சம் வைத்தது 80 பேரை: ஃபோர்ட் பிட்டில் 25, வெஸ்ட் பாயின்ட்டில் 55. வேலை, ராணுவக் கிடங்குக் காவல்.

● அதிகாரிகளுக்குப் போர்க்காலத்திலேயே ஆயுள் முழுவதும் அரைச் சம்பளம் வாக்களித்தார்கள். 1783-இல் அதை ஐந்தாண்டு முழுச் சம்பளமாக மாற்றினார்கள். கை கால் முடமாகாத சாதாரணச் சிப்பாய்க்குப் பென்ஷன் வந்தது 1818-இல். மாதம் 8 டாலர், அதுவும் ஏழை என்று காட்டினால்தான். 1820-இல் சொத்துப் பட்டியலும் கேட்டார்கள். மார்ட்டின் எழுதிக்கொடுத்த பட்டியல்: இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி. ஆறு மாதமாவது பணியாற்றிய எல்லோருக்கும், வறுமையை நிரூபிக்கச் சொல்லாமல், 1832-இல் பென்ஷன் தந்தார்கள். அதற்குள் ட்ரென்டனில் நின்றவர்களில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள். கிழவர்கள் சிலர் கடைசிக் காலத்தில் இளம் பெண்களை மணந்ததால், விதவைப் பென்ஷன் மட்டும் 1906 வரை நீண்டது.