வெள்ளைத் திட்டும் ஒருநாள் பேரும்

வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. உட்கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். சிலருக்கு அது சிவப்பாக இருக்கும். உறைப்பான கறி பட்டால் எரியும். இன்னும் சிலருக்கு வாய் மெல்ல மெல்ல இறுகி, ஒரு கவளம் சோற்றுக்குத் திறப்பதே பாடாகிவிடும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் வெற்றிலை பாக்கை நிறுத்துவது, கண்காணிப்பது, தேவைப்பட்டால் சின்னதாக ஓர் அறுவைச் சிகிச்சை என்று காரியம் முடிந்துவிடக்கூடும். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகு வந்தால் தாடை எலும்பு, நாக்கின் ஒரு பகுதி, கழுத்து நிணநீர்க் கணுக்கள் எல்லாம் கத்திக்குத் தப்பாது. அதற்கு மேல் கதிர்ச் சிகிச்சையும் வரும்.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று ஊவாவின் எந்தத் தேயிலை மலையிலிருந்து புறப்பட்டாலும் பெரிய நோய்க்குப் போய்ச் சேரும் இடம் பதுளை போதனா வைத்தியசாலைதான். தோட்டத்து மக்களுக்கு அது ‘பெரியாஸ்பத்திரி’. மாகாணத்தின் இரண்டு மாவட்டங்களுக்கும் அதுவே பெரிய அரச ஆஸ்பத்திரி. மொனராகலையில் முடியாதது இங்கே வரும். மகியங்கனை, கிராந்துருக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயோடு வருவார்கள். மலைச் சாலைகளில் உருண்ட பஸ்களும் இங்கேதான் வந்து முடியும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டபோது, காயம்பட்டவர்களில் பலர் கொண்டுவரப்பட்டது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான்.

அப்படியான இரவுகளில் எல்லாரும் ஓடுகிறார்கள். வீடு போன தாதி திரும்பி வருகிறார். இரத்தம் கொடுக்க இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இராணுவம் கயிறு கட்டி இறங்குகிறது. தோட்டத்திலும் இதே கதைதான். கொழுந்து மலையில் குளவி கலைந்து கொட்டினால் கங்காணி சத்தம் போடுவார், கொழுந்து ஏற்றும் லொறியிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். துரையிடம் உத்தரவு கேட்க யாரும் நிற்பதில்லை. குளவி விஷத்துக்கு உடம்பு ஒவ்வாமல் போனால் அட்ரினலின் ஊசி சீக்கிரம் ஏற வேண்டும், நிமிடங்கள் உயிரைத் தீர்மானிக்கும் என்பது இன்று மலையில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளைத் திட்டுக்கு யாரும் ஓடுவதில்லை. அதற்கும் நேரம் உண்டு. ஆனால் அது மாதக்கணக்கில் ஓடுகிற நேரம் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பதுளை வார்டுகளில் தோட்டத்து நோயாளிகளின் கதைகளைக் கேட்கக் கேட்க எனக்கு உறுதியாகிற விஷயம் இதுதான்: கொடிய நோயின் முடிவைப் பெரும்பாலும் எழுதுவது ஆஸ்பத்திரிக்குள் நடப்பது அல்ல, அங்கே வந்து சேருமுன் கழிந்துபோன மாதங்கள்தான்.

அந்த மாதங்கள் எங்கே போகின்றன?

முதலில் பேரில் போகின்றன. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர்; நிறை குறைந்தால் அரைப் பேர். மலைக்குப் போகாத நாளுக்கு எதுவுமில்லை. 2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ரூபாயாக்கி, அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாயையும் சேர்த்தார்கள். கூட்டித்தந்தது நல்லது. ஆனால் வருகைக்குத் தருகிற பணம் என்பதால், கிளினிக்குக்குப் போகிற நாளில் நோயாளி இழப்பதும் அதே அளவு கூடியிருக்கிறது. பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிற மகளின் ஒருநாள் பேர் எல்லாம் இதற்கு மேல். காலை இருட்டில் புறப்பட்டு, நம்பர் எடுத்து, காத்திருந்து, ‘அடுத்த மாதம் வாங்க’ என்ற தேதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பும்போது லயத்தில் விளக்கு எரியும். ‘வாய்ப்புண்ணுதானே, அடுத்த சம்பளம் வரட்டும்’ என்று ஒருவர் சொன்னால், அதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு. பிழை, அவரை அப்படிக் கணக்குப் போட வைக்கிற ஏற்பாட்டில் இருக்கிறது.

இது இன்று முளைத்த பிரச்சினையும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் மத்திய மலைநாட்டில் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஒரு முயற்சி செய்தார்கள். ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாயைத் திறந்து பார்க்கப் பயிற்சி கொடுத்து, ஏறக்குறைய 30,000 பேரைச் சோதிக்க வைத்தார்கள். அதன் முடிவு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. பல் வைத்தியர் அல்லாத ஊழியர்களாலேயே நோய்க்குறியை அடையாளம் காண முடியும் என்பது நிரூபணமானது. நம் நாட்டிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் அது ஒன்று. ஆனால் மேல் பரிசோதனைக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் சுமார் பாதிப் பேர்தான் போனார்கள். திட்டைக் கண்டாயிற்று, துண்டும் எழுதிக் கொடுத்தாயிற்று. மற்றப் பாதிப் பேர் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் ஊவாத் தோட்டங்களில் நாம் விடை தேட வேண்டிய கேள்வி அந்தப் பாதிப் பேரைப் பற்றியதுதான்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள், அதனால் பெண்களும் தப்பவில்லை. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று 2004இல் சொன்னது. பொயிலைதான் கெட்டது, வெறும் வெத்தல பாக்கு வயிற்றுக்கு நல்லது என்று நம்புகிற அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். மழைக்குளிரில், காலை ரொட்டித் துண்டுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவே நிறையை எடுக்க ஓடும் பெண்ணுக்கு வெற்றிலை பசியை அடக்குகிறது, உடம்பைச் சூடாக்குகிறது. விட்டுவிடு என்று சொல்வதோடு, அந்த நேரத்தில் அவர் குடிக்க ஒரு கோப்பைச் சூடான தேநீர் மலைக்குப் போகிறதா என்றும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அவர் பறிக்கிற கொழுந்துதானே அது.

வைத்திய வசதியைத் தோட்டம்தான் தர வேண்டும் என்ற ஏற்பாடு பழையது. காப்பிக் காலத்தில், 1872இல், மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தொழிலாளர் சாவு அதிகமாகி, ஆள் குறைந்தால் தோட்டம் நடக்காது என்ற கவலையும் அதற்குப் பின்னால் இருந்தது. 1912இல் இன்னும் விரிவான சட்டங்கள் வந்தன. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் எடுபட்டது. ஆனால் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட இந்த மக்களின் அன்றாட வைத்தியம் தோட்டத்து டிஸ்பென்சரியோடே கிடந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் என்ற பேச்சு பல அரசாங்கங்களைக் கண்டுவிட்டது. சிலவற்றை ஏற்றார்கள், பலவற்றை விட்டார்கள். இதனால் இன்றும் பல தோட்டங்களில் முதல் வைத்தியர் தோட்ட வைத்திய உதவியாளர்தான். ஒரு வாய்ப்புண்ணை அவர் எப்படிப் பார்க்கிறார், ஜென்ஷன் வயலட் தடவி அனுப்புகிறாரா, பல் வைத்தியருக்குத் துண்டு எழுதுகிறாரா என்பதில் ஒரு உயிர் தொங்குகிறது.

இனி பெரியாஸ்பத்திரிக்கு வருவோம். தாமதமாக வந்த நோயைக் குணப்படுத்த வேண்டிய குழு பெரியது. வாய்–முக–தாடை அறுவை நிபுணர், புற்றுநோய் வைத்திய நிபுணர், மயக்கமருந்து நிபுணர், திசுவைப் பார்த்து முடிவு சொல்கிற நோயியல் நிபுணர், தாதியர், பேச்சுப் பயிற்சியாளர், உணவு ஆலோசகர் எல்லாரும் ஒரே நோயாளிக்காகக் கூடி வேலை செய்ய வேண்டும். கதிர்ச் சிகிச்சைக்கு முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கி ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னர் தாடை எலும்பே அழுகும் ஆபத்து உண்டு. கதிர்ச் சிகிச்சை வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரம். நடுவில் நாள் தவறினால் பலன் குறையும். ஒரு மாதத்துக்கும் மேல் சம்பளம் இல்லை, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கேள்வி அப்போது எழுகிறது. கண்டிக்கோ, கொழும்புப் பக்கத்து மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போ என்று சொல்லிவிட்டால் இன்னும் கஷ்டம். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில்பாதையே 290 கிலோமீட்டர். கிட்டத்தட்ட பகல் முழுக்கப் பயணம்.

2022ஐ இந்த வைத்தியர்களும் தாதியரும் மறக்க மாட்டார்கள். டொலர் இல்லாமல் மருந்து வரவில்லை. எரிபொருள் வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு வந்தார்கள். நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். புற்றுநோய் மருந்தை வெளியில் வாங்கிவரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. லயத்துக் குடும்பத்திடம் அந்தத் துண்டை நீட்டும் வைத்தியருக்கு அது என்ன வேதனை என்பதை வெளியில் இருந்து பேசுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பலர் நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களை நான் திட்டவில்லை. நின்றவர்கள்மேல் சுமை இரட்டிப்பானது என்பதைச் சொல்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது வீதியும் ரயில்பாதையும் அறுந்தன. அந்த நாட்களில் கிளினிக் தேதி இருந்தவர்கள் எத்தனை பேர் வீட்டிலேயே நின்றார்களோ.

மொழி இன்னொரு சுவர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ 18 சதவீதம் மலையகத் தமிழர். 1987இல் தமிழும் அரச மொழியானது. 1999இல் மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவே அறிவிக்கப்பட்டன. ஆனால் வார்டில் நோயாளி தன் வலியைத் தெரிந்த சிங்களத்தில்தான் சொல்கிறார். கூட வேலை செய்கிறவர்களோடு பேசவும் கடையில் சாமான் வாங்கவும் அது போதும். வலி எந்த இடத்தில் தொடங்கி எங்கே இழுக்கிறது என்று சொல்லப் போதாது. கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒருவரைத் தேடுகிறார்கள். நல்ல மனசோடுதான் அவரும் வருகிறார். ஆனால் ‘உங்கள் நாக்கில் பாதியை எடுக்க வேண்டும்’ என்ற வார்த்தையை மொழிபெயர்க்க அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பெரும்பாலும் ‘சின்ன ஒப்பரேசன்’ என்று முடித்துவிடுகிறார். நோயாளி கையெழுத்துப் போடுகிறார். மகன் வெளியில் தாதியை நிறுத்தி, ‘அம்மாகிட்ட சொல்லிறாதீங்க மிஸ்’ என்று கும்பிடுகிறான். கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த நோய், அதைச் சுமக்கிறவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது. தமிழ் பேசும் தாதியரையும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரையும் நியமிப்பதை நான் மருந்துக்குச் சமமாக வைக்கிறேன்.

குணமாகாத நோயாளிகளின் பாடுதான் மிகக் கடினம். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் செய்ய வேண்டியவை தொடங்குகின்றன: வலி, புண் நாற்றம், மூக்குக் குழாய் வழியே கஞ்சி, பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எல்லாரும் ஒன்றாகத் தூங்குவது. வாயால் உட்கொள்ளும் மோர்ஃபின் விலை அதிகமில்லாத மருந்து, வலியை அடக்கிவிடும். ஆனால் அதை எழுதித் தருகிறவரும் அது கிடைக்கிற இடமும் இருப்பது மலைக்குக் கீழே. இலங்கை 2019–2023க்கு வலிதணிப்புப் பராமரிப்புக்கென ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டது. கடலுக்கு அப்பால் கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய சின்ன கிளினிக் ஒன்றிலிருந்து ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போகும் அமைப்பு வளர்ந்தது. 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக்கியது. தோட்டத்தில் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர், கோயில் கமிட்டி, மாதர் சங்கம். செத்த வீட்டுக்குக் கூடுகிற தோட்டம், செத்துக்கொண்டிருக்கிறவர் வீட்டுக்கும் முறை வைத்துக் கூடலாம்.

தோட்டக் கம்பனிகளையும் தொழிற்சங்கங்களையும் கேட்கிறேன். அடுத்த சம்பளப் பேச்சில் சம்பளத் தொகையோடு, கிளினிக் கொப்பியைக் காட்டினால் முழுப் பேர் என்பதையும் மேசையில் வையுங்கள். மாகாண சுகாதாரத் திணைக்களம் வருஷத்தில் ஒருநாள், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்துக்கே பல் வைத்தியரை அனுப்பட்டும். துண்டு வாங்கியவரைக் கீழே கொண்டுபோக அன்றைக்கே தோட்டத்து வண்டி ஓடட்டும். வராத பாதிப் பேரை வரவைக்க இதைவிடப் பெரிய யந்திரம் தேவையில்லை.

வாசிக்கிற தோட்டத்துச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உட்கன்னத்தையும் நாக்கின் இரண்டு ஓரங்களையும் நாக்குக்கு அடியையும் பாருங்கள். வீட்டில் வெற்றிலை போடுகிற பெரியவர்களுக்கும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, துடைத்தாலும் போகாத திட்டோ, வாய் இறுகுவதோ இருந்தால் தோட்டத்து மருந்தோடு நிற்காமல் பக்கத்து அரச ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் போங்கள். பெரிய சிகிச்சைக்குக் காசு தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2025இலிருந்து அதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. அவசரத்துக்கு 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். அரச ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து காட்டவும் கட்டணம் கிடையாது.