ஊர் வீட்டைச் செப்பனிட என்ன செலவாகும்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டைச் செப்பனிடுவது பற்றி அவர்கள் ஏனோ ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை போலும்! வீட்டில் எப்போதும் ஆள் இருந்தது. மழைக்கு முன் ஓடு மாற்றுவதும், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும், முற்றத்து ஜலதாரையைக் குத்திவிடுவதும் குடும்ப வாழ்வின் ஒரு பகுதியாகவே நடந்து வந்தன. அவற்றைத் தனிச் செலவு என்று எவரும் எண்ணியதில்லை.

இன்று நிலைமை வேறு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலருக்குத் தஞ்சைத் தரணியிலோ, பாண்டி நாட்டிலோ, பொருநைக் கரையிலோ பழைய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. விடுமுறைக்குச் செல்கிறோம், பூட்டைத் திறக்கிறோம், அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். "இதைச் சரி செய்ய எவ்வளவு ஆகும்?" என்று அருகிலிருக்கும் மேஸ்திரியைக் கேட்கிறோம். அவரும் வீட்டை ஒரு முறை சுற்றி வந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்கிறார். அது புது வீடு கட்டும் செலவுக்கு அருகில் வந்து நிற்கிறது. "இடித்துவிட்டு மனையை விற்றுவிடலாம்" என்னும் முடிவு அன்று மாலையே பிறந்து விடுகிறது.

மழையாலும் கறையானாலும் வீழும் வீடுகள் உண்டு. ஆயின் தவறான மதிப்பீட்டால் வீழும் வீடுகளும் உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது.

சதுர அடிக் கணக்கு ஏன் பொருந்தாது?

புது வீட்டிற்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு பொருந்தும். அங்கே அஸ்திவாரம் முதல் வண்ணம் வரை எல்லாமே செய்ய வேண்டியவை. பழைய வீடோ அவ்வாறன்று. கூடத்துத் தேக்குத் தூண் இரும்பு போல் நிற்கும். அதே வீட்டின் இரண்டாங்கட்டில் கூரை கையால் தொட்டால் உதிரும். ஒரே பரப்புள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்குக் கூடல்வாயை அடைத்தாலே போதும். மற்றொன்றுக்குச் சுவரையே தூக்கிக் கட்ட நேரும். ஆதலின் பழைய வீட்டின் மதிப்பீடு உறுப்பு உறுப்பாகச் செய்யத் தக்கது. எது பழுது, எவ்வளவு பழுது, அதன் விலை என்ன என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும்.

வீட்டைப் பார்க்க வேண்டிய பருவம்

நம்மவர் பெரும்பாலும் ஊருக்குச் செல்வது சித்திரை வைகாசியில். பிள்ளைகளின் விடுமுறை அப்போதுதான். ஆனால் வீடு தன் குறைகளை மறைத்துக்கொள்ளும் பருவமும் அதுவே! சுவர் உலர்ந்திருக்கும், ஒழுக்கின் தடம் பழுப்பேறிய கறையாக மட்டுமே தெரியும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பொழியும் ஐப்பசி கார்த்திகையில்தான் வீடு உண்மை பேசும். மதிப்பீடு செய்ய எண்ணுவோர் மழையின் நடுவிலோ, மழை ஓய்ந்த மார்கழியிலோ இரண்டு நாள் ஒதுக்கிச் செல்வது நலம். தை பிறந்தபின் வேலையைத் தொடங்கினால் அடுத்த மழைக்குள் கூரையை முடித்துவிடலாம்.

முதலில் நீரின் வழியைத் தொடர்ந்து செல்ல வேண்டும். முற்றம் வைத்த வீட்டில் நான்கு புறக் கூரைகளும் கூடும் மூலைகளாகிய கூடல்வாய்களே முதற்பகை. அங்குள்ள தகரம் துருப்பிடித்தால் அதன் கீழுள்ள மரம் மக்கும். அடுத்தது முற்றத்து ஜலதாரை. அது அடைபட்டால் நீர் அஸ்திவாரத்தில் இறங்கிச் சுவரின் அடியில் ஓதமாக ஏறும். மூன்றாவது பொதுச்சுவர். அக்கிரகாரங்களிலும் வரிசை வீடுகளிலும் அடுத்த வீட்டை இடித்துவிட்டால், அதுவரை மழையையே கண்டிராத நம் சுவர் திறந்த வெளியில் நிற்கும். அதற்குப் பூச்சும் தலைக்காப்பும் தேவை. இச்செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பின்னர் மரம். உத்திரத்தையும் கட்டைகளையும் நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது போதாது. அவை சுவரினுள் புதைந்திருக்கும் முனைகளே முதலில் மக்குகின்றன. கூரிய திருப்புளியால் அங்கே குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே எளிதில் இறங்கினால் அம்மரத்தைப் பழுதானவற்றின் கணக்கில் எழுதலாம். சுவர்ப் பூச்சை விரல் மடக்கித் தட்டினால், பிடிப்பு விட்ட இடம் வெற்றோசை தரும். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு அளக்கலாம். விரிசலைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டித் தேதியை எழுதி வைத்தால், ஒரு மழைக்காலம் கழிந்தபின் அதுவே சொல்லும். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தே ஆக வேண்டும். அவர் ஊதியமும் மதிப்பீட்டில் ஓர் இனமே.

அளவும் விலையும்

பழுதுகள் பட்டியலானபின் அளவெடுக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் நாமே அளந்து கொள்வது கடினமன்று. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 11 அடி உயரமும் உள்ள அறையின் நான்கு சுவர்களின் பரப்பு 484 சதுர அடி. இதில் கதவு சன்னல்களைக் கழித்தால் பூச்சின் அளவு கிடைக்கும். மரத்தைக் கன அடியில் அளப்பர். 12 அடி நீளம், 6 அங்குல உயரம், 4 அங்குல அகலமுள்ள கட்டை ஒன்று 2 கன அடி. அத்தகைய கட்டைகள் பத்து மாற்ற வேண்டுமாயின் 20 கன அடி. ஓட்டுக் கூரையைத் தரையளவு கொண்டு கணக்கிடலாகாது. 30 பாகைச் சரிவுள்ள கூரையின் பரப்பு, அதன் கீழுள்ள தரையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு மிகுதி. மங்களூர் ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 140 வேண்டும்.

சென்னைக் கட்டடங்களின் பெயரால் 'மெட்ராஸ் டெரஸ்' என வழங்கும் மொட்டை மாடி இருப்பின் கணக்குச் சற்றே வேறுபடும். மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக் கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைத் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்துச் செய்வது அது. ஒழுகினால் மேல் ஓட்டையும் காரையையும் மட்டும் புதுப்பித்தால் போதுமா, கட்டைகளையும் மாற்ற வேண்டுமா என்பதில்தான் செலவின் பெரும் வேறுபாடு இருக்கிறது.

விலைக்கு எவரை நம்புவது? தமிழ்நாடு பொதுப்பணித் துறையும் மத்தியப் பொதுப்பணித் துறையும் கூலிக்கும் பொருளுக்கும் விலைப்பட்டியல் வெளியிடுகின்றன. ஊர் விலை அதனின்றும் மாறுபடலாம். எனினும் ஒருவர் கேட்கும் தொகை நியாயமானதா என்று உரைத்துப் பார்க்க அது நல்ல உரைகல்.

ஓர் இனத்தில் மட்டும் மலிவை நாடலாகாது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் முதற்செலவு குறையும். வேலையும் விரைவில் முடியும். ஆனால் பழைய சுவர் உறிஞ்சிய ஈரம் அப்பூச்சைத் தாண்டி வெளியேற இயலாமல் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சையே தள்ளிவிடும். சுண்ணாம்பை நீற்றி ஊற வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்துப் பூசும் பழைய முறைக்கு நாளும் கூலியும் மிகுதி. அதை அறிந்த கொத்தனாரும் அருகிவிட்டனர். எனினும் மறுமுறை பூசும் செலவையும் சேர்த்து எண்ணினால் எது மலிவு என்பது விளங்கும்.

மூன்று பத்திகள்

பட்டியலை மூன்று பத்திகளாகப் பிரிக்குமாறு அன்பர்களுக்கு யோசனை கூறுவோம். வீடு விழாமலிருக்க இவ்வாண்டே செய்ய வேண்டியவை முதற்பத்தி: கூரை, ஜலதாரை, மக்கிய மரம், கறையான் மருந்து. வீட்டில் தங்குவதற்கு வேண்டியவை இரண்டாம் பத்தி: மின்கம்பி, குழாய், குளியலறை, சமையலறை. கண்ணுக்கு இனிமை தருபவை மூன்றாம் பத்தி: தூணுக்கு மெருகு, ஆத்தங்குடிக் கல் தளம், வண்ணம். மொத்தமாகக் கேட்டால் மூன்றாம் பத்தியின் ஆசை முதற்பத்தியின் அவசியத்தை மூழ்கடித்து விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். அளந்து விலையிட்ட வேலை 12 இலட்ச ரூபாய் என்றும், மூன்று பத்திகளும் முறையே 5, 4, 3 இலட்சம் என்றும் கொள்வோம். பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு சேர்ப்பார், அது 2,16,000. பூச்சைப் பெயர்த்த பின்னரே தெரியவரும் பழுதுகளுக்காக 20 விழுக்காடு ஒதுக்கினால் 2,40,000. ஆக மொத்தம் 16,56,000. உடன்பிறந்தோர் நால்வராயின் தலைக்கு 4,14,000. இத்தொகையைக் கேட்டால் பலர் பின்வாங்குவர். முதற்பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால், வரியும் ஒதுக்கீடும் உட்பட 6,90,000, தலைக்கு 1,72,500. இதற்கு நால்வரும் இசையக்கூடும். வீடு நின்றுவிட்டால் எஞ்சிய பத்திகள் காத்திருக்கும்.

சிமெண்டின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய மதிப்பீடுகளை வைத்திருப்போர் அவற்றைத் திருத்திக் கொள்க.

இடிப்பவர் சொல்லாத கணக்கு

"செலவின்றி இடித்து அகற்றித் தருகிறோம்" என்று சிலர் வருவதுண்டு. அக்கருணையின் விலை நம் நிலைக்கதவிலும் தூணிலும் இருக்கிறது. பழைய பர்மாத் தேக்கு உத்திரங்களுக்கும் கற்றூண்களுக்கும் செதுக்கிய கதவுகளுக்கும் சந்தை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் உறுப்புகள் விலைக்கு நிற்பதை எவரும் காணலாம். ஆதலின் இடிக்கும் முடிவுக்கு முன், வீட்டிலுள்ள நல்ல மரத்தைக் கன அடியில் அளந்து விலை விசாரிப்பது கடமை. இடித்தாலும் அத்தொகை நமக்குச் சேரட்டும். இடிக்காவிட்டால், அதே மரத்தைப் புதிதாக வாங்கும் செலவு மிச்சம் என்று அறிந்து மகிழலாம்.

உடன்பிறந்தோரும் ஏடுகளும்

செலவைப் பகிரும் முன் உரிமையைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். பட்டா எவர் பெயரில் உள்ளது? 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை உண்டு. மணமாகிச் சென்ற சகோதரியைக் கேளாமல் போடும் கணக்கு அரைக் கணக்கே. யார் எவ்வளவு கொடுத்தார், அது கொடையா, கடனா, பங்கில் சேருமா என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுவது உறவுக்குக் கேடன்று. உறவுக்கு அதுவே காப்பு. இரசீதுகளைப் பேணுவதும் தேவை. பிற்காலத்தில் விற்க நேர்ந்தால், வீட்டை மேம்படுத்திய செலவை இலாபக் கணக்கில் கழிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. சாதாரணப் பழுதுபார்ப்பு அதில் சேராது.

எல்லா வீடுகளையும் காப்பாற்ற இயலும் என்று நாம் கூறவில்லை. அஸ்திவாரம் அமிழ்ந்து, சுவர் பிதுங்கி, தங்குவார் எவருமின்றி நிற்கும் வீட்டை விற்பதே அறிவு என்று நேர்மையான மதிப்பீடு சொல்லுமாயின், அதற்கும் செவி சாய்க்க வேண்டும். அளந்து பார்த்து விற்றவர் பிற்காலத்தில் வருந்தார். அளக்காமல் இடித்தவருக்கோ, "சரி செய்திருக்கலாமோ?" என்னும் கேள்வி வாழ்நாள் முழுதும் நிற்கும். வரும் மழைக்காலத்தில் இரண்டு நாள், ஓர் அளவு நாடா, ஒரு குறிப்பேடு, கூடவே ஊரில் மூத்த கொத்தனார் ஒருவர். இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும்.