ஒரு சஞ்சுவுக்கு இரண்டு பேர்

2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டி, அகமதாபாத். நள்ளிரவு தாண்டிவிட்டது. சென்னைக்குக் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். முதல் நான்கு பந்துகளையும் மோஹித் சர்மா அச்சு பிசகாமல் போட்டிருந்தார். ஐந்தாவதை நேரே சிக்ஸருக்குத் தூக்கினார் ரவீந்திர ஜடேஜா. ஆறாவது, ஃபைன் லெக் பக்கம் பவுண்டரி. ஓடி வந்தவரை தோனி அப்படியே தூக்கிக்கொண்டார்.

அந்த ஜடேஜாவைத்தான் 2025 நவம்பரில் சென்னை அணி ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. கூடவே சாம் கரனையும். பதிலுக்கு வந்தவர் ஒருவர்தான், 18 கோடி ரூபாய் சஞ்சு சாம்சன். இது கட்டுப்படியாகுமா?

அமெரிக்கக் கால்பந்தில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழும். அங்கே ஏலம் இல்லை. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும். வரிசையில் முன்னேற வேண்டுமென்றால் தன் பின்வாய்ப்புகளை இன்னோர் அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய விலை கொடுப்பது பெரும்பாலும் ஆட்டத்தையே நடத்துகிற குவாட்டர்பேக்குக்காகத்தான். 2017ல் சிகாகோ, மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வர மூன்று வாய்ப்புகளைக் கூடுதலாகக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. அதே நாளில் கேன்சஸ் சிட்டி, அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து 27லிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. ட்ருபிஸ்கி நான்கே சீசனில் சிகாகோவை விட்டுப் போனார். மஹோம்ஸ் மூன்று சூப்பர் பௌல் வென்றார்.

ஆள் தேர்வு மட்டும் காரணமில்லை. முந்தைய சீசனில் கேன்சஸ் சிட்டி 16 ஆட்டங்களில் 12 வென்ற அணி. அதனால் மஹோம்ஸை ஒரு வருடம் வெளியே உட்கார வைத்துப் பழக்க முடிந்தது. சிகாகோ வென்றது மூன்றே ஆட்டம். தூக்கி நிறுத்த வேண்டிய அணி அது.

நட்சத்திரம் மட்டும் போதாது என்பதை உள்ளூர் ஏலங்களிலும் பார்க்கலாம். மைசூருவில் 2025ல் கர்நாடக டி20 தொடரான மகாராஜா கோப்பை நடந்தது. அதன் ஏலத்திலேயே அதிக விலைக்கு, 13.20 லட்சத்துக்குப் போன தேவ்தத் படிக்கலை வைத்திருந்த ஹூப்ளி இறுதி வரை வந்தது. கோப்பை மங்களூருக்குப் போனது.

சென்னையே 2008ல் இப்படிப் பணத்தைக் கொட்டிய அணிதான். அணிக்கு 50 லட்சம் டாலர் வரம்பு. அதில் 15 லட்சத்தை தோனி ஒருவருக்கே கொடுத்தது. ஏலத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்ட 'ஐகான்' வீரர் உள்ள அணிகள், தாங்கள் எடுக்கும் விலையுயர்ந்த வீரரைவிட 15 சதவீதம் அதிகமாக ஐகானுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. சச்சினை வைத்திருந்த மும்பைக்கு அது சுமை. ஐகானே இல்லாத சென்னைக்கு வசதி. பிறருக்குக் கட்டுப்படியாகாத விலை நமக்குக் கட்டுப்படியானது.

சஞ்சு விஷயத்தில் அப்படியொரு சாதகம் இல்லை. 2025ல் பட்டியலின் கடைசியில் இருந்த அணி நாம். தலைமையும் ருதுராஜிடமே இருக்கிறது. சஞ்சு வருவது விக்கெட் கீப்பராகவும் முன்வரிசை பேட்ஸ்மேனாகவும். அந்த இடத்துக்குத் தோனிக்குப் பின் ஒருவர் அவசியம், மறுக்கவில்லை. வயதைப் பார்த்தாலும் அப்போது ஜடேஜாவுக்கு 37 நெருங்கியிருந்தது, சஞ்சுவுக்கு 31. இந்த ஒன்றுக்கு ஒன்று நியாயமான மாற்று.

ஆனால் ஜடேஜா போனால் நான்கு ஓவர் சுழலும், பின்வரிசை பேட்டிங்கும், ஃபீல்டிங்கும் ஒருசேரப் போகின்றன. அந்தப் பள்ளத்தை அடைக்க டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர் என்ற இளைஞருக்கு 14.20 கோடி கொடுத்தோம். சர்வதேச ஆட்டம் ஆடாதவர். சஞ்சுவின் விலையில் அந்தத் தொகையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கரனைக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் சம்பளம் வெறும் 2.40 கோடி. 2025 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக 47 பந்தில் 88 அடித்தவர். புதுப் பந்தும் போடுவார், கடைசி ஓவரும் போடுவார். ஜடேஜாவைக் கொடுத்த பிறகும் ராஜஸ்தான் இன்னொரு ஆள் கேட்டது என்றால், அங்கேயே சென்னை பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும்.