வால் விடும் வெளிச்சம்

எண்பதுகளின் தொலைக்காட்சியைச் சினிமாவில் காட்ட வேண்டுமென்றால் நம் ஆட்களுக்கு ஒரே வழிதான் தெரியும். படத்தின் மேல் கிடைக்கோடுகளை ஓட விடுவார்கள், கொஞ்சம் புள்ளிகளைத் தூவுவார்கள், நிறத்தை வெளுக்க வைத்து இரண்டு தரம் ஆட்டி விடுவார்கள். கைபேசிச் செயலிகளிலும் இதே வைத்தியம்தான். ஆனால் அந்தக் காலத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தவருக்கு, அதிலும் தூத்துக்குடிக்காரருக்கு, எங்கோ இடிக்கும்.

இடிக்கக் காரணம் உண்டு. புள்ளி பறந்தது காற்றின் வேலை. படம் ஆடியதும் கிழிந்ததும் டேப்பின் வேலை. மூன்றாவதாக ஒன்று, படம் பிறந்த இடமான கேமராவுக்குள்ளேயே நடந்தது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

காற்றின் கதையை முதலில் முடித்துவிடலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிவிட்டது. ஆனால் அந்த ஒளிபரப்பு தூத்துக்குடி வரை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பான் அரசின் உதவியோடு இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. மன்னார் வளைகுடாக் கரையோர ஊர்களில் பலருக்கு டிவி என்றாலே அப்போது சிலோன் டிவிதான். மொட்டைமாடியில் நெட்டைக் கம்பம், அதன் நுனியில் கிழக்கே பார்த்த ஆண்டெனா, பக்கத்தில் ஒரு பூஸ்டர். மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருவர் "இப்ப வருதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வ.உ.சி.யின் கப்பல்களான காலியாவும் லாவோவும் கொழும்புக்குப் போய்வந்த அதே கடல்மீதுதான் இந்தப் படங்களும் வந்தன.

கணக்குப்படி பார்த்தால் அவை வந்திருக்கவே கூடாது. ரூபவாகினியின் முதன்மை ஒளிபரப்பி இருந்த பிதுருதலாகல மலை 2,524 மீட்டர் உயரம். அங்கிருந்து கிளம்பும் அலை, பூமியின் வளைவு மறைக்காமல் போகக்கூடிய தொலைவு சுமார் 220, 230 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியோ ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மிச்சத் தூரத்தைக் கடத்திவிட்டது கடல்மேல் இருக்கும் காற்று. நீர்ப்பரப்பை ஒட்டி ஈரக்காற்று, அதற்கு மேலே உலர்ந்த வெப்பக்காற்று என்று அடுக்கடுக்காகப் படியும்போது டிவி அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து, கடலை ஒட்டியே ஓடுகிறது. காற்று அடங்கிய புழுக்கமான இரவில் படம் கண்ணாடியாக இருக்கும். மறுநாள் காற்று கிளம்பி அடுக்கு கலைந்தால் வெறும் புள்ளிதான். ஆக, புள்ளி எப்போதும் இருந்ததில்லை. எல்லாக் காட்சியிலும் ஒரே அளவில் புள்ளி தூவுகிறவர்கள் அந்த இரவுகளைப் பார்க்காதவர்கள்.

படம் தெளிவாக வந்த இரவிலும் அது இன்றைய படம் போல இருக்காது. பாடகி தலையைத் திருப்பினால் மூக்குத்தியின் மின்னல் சின்னக் கோடாக இழுபடும். இருட்டு மேடையில் விளக்கு நகர்ந்தால் அதன் பின்னால் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு வால். இதைச் செய்தது டியூப் கேமரா. குழாய்க்குப் பதில் சில்லு கொண்ட, ஒளிபரப்புக்கு ஏற்ற சிசிடி கேமராக்கள் வரத் தொடங்கியது எண்பதுகளின் நடுப்பகுதியில்தான். 1982இல் திறந்த எந்த ஸ்டூடியோவிலும் கண்ணாடிக் குழாய்தான் கண்.

குழாய்க்குள் நடப்பதைத் தூத்துக்குடி உப்பளத்தை வைத்தே சொல்லலாம். லென்ஸ் வழியாக வரும் காட்சி, குழாயின் முகப்பில் பூசிய மெல்லிய ஒளியுணர் படலத்தில் விழுகிறது. அந்தப் படலம் லட்சக்கணக்கான பாத்திகள் கொண்ட உப்பளம். பின்னாலிருந்து ஓர் எலக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடி, ஒவ்வொரு பாத்தியிலும் மின்னூட்டம் என்ற தண்ணீரை நிரப்புகிறது. வெளிச்சம் விழுந்த பாத்தி வற்றும். அதிக வெளிச்சம் என்றால் அதிகம் வற்றும். கற்றை அடுத்த சுற்று வரும்போது எந்தப் பாத்தி எவ்வளவு குடித்தது என்ற கணக்குதான் படம். நம் முறையில் 625 வரிகள், விநாடிக்கு 25 முழுப்படங்கள்.

இனி வாலுக்கு வருவோம். நேரே கண்ணைக் கூசவைக்கும் ஒரு விளக்கு பட்ட பாத்தி முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. கற்றையிடம் ஒரு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர்தான் உண்டு. முதல் சுற்றில் நிரம்பாது, இரண்டாவதிலும் நிரம்பாது. விளக்கு அதற்குள் நகர்ந்து போயிருக்கும். ஆனால் காய்ந்த பாத்திகள் 'இங்கே இன்னும் வெளிச்சம்' என்றே கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதுதான் வால். வண்ணக் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிக் குழாய்கள். மூன்றும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. கடைசியாக நிரம்பும் குழாயின் நிறமே வாலுக்கு.

மறுமுனையிலும் ஒரு சிக்கல் உண்டு. மங்கலான பகுதியில் பாத்தி கொஞ்சமே வற்றியிருக்கும். தண்ணீரை இழுக்கும் விசையும் அங்கே குறைவு. அதனால் இருட்டில் நகரும் உருவம் மெழுகுபோல் இழுபடும். நடு வெளிச்சத்தில் இந்த இழுவை தெரியாது. செயலிகள் தோற்பது இங்கேதான். முந்தைய நாலைந்து படங்களைக் கலந்து ஒரே சீராக நிழல் விடுவது அவற்றின் வழக்கம். குழாய் சீரானதல்ல.

குழாயிலும் சாதி பல. 1950இல் ஆர்சிஏ கொண்டுவந்த விடிகான், ஆன்டிமனி ட்ரைசல்பைடு படலம் கொண்டது. மலிவு, இழுவை அதிகம். அறுபதுகளில் பிலிப்ஸ் கொண்டுவந்த பிளம்பிகானில் ஈய ஆக்சைடு. இழுவை குறைந்ததால் ஸ்டூடியோக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு ஜப்பானிலிருந்து சாட்டிகான், நியூவிகான். இவற்றுக்கு முந்தைய இமேஜ் ஆர்திகான் வேறு ரகம். பளிச்சென்ற பொருளைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்டுவிடும். பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்க நிகழ்ச்சிகளில் பாடகரின் தலையைச் சுற்றித் தெரியும் அந்த இருட்டு, ஒப்பனைக்காரரின் வேலை அல்ல.

கேமராமேன்களுக்கு அன்று இரண்டு கட்டளைகள். கேமராவைத் தலைகீழாக, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி வைக்காதே. குழாய்க்குள் உதிர்ந்த துகள் படலத்தில் விழுந்தால் படத்தில் நிரந்தரப் புள்ளி. சூரியனைப் பார்க்காதே, படலம் பொசுங்கிவிடும். 1969 நவம்பர் 19 அன்று அப்போலோ 12 விண்வெளி வீரர் ஆலன் பீன், நிலாவில் கேமராவை இடம் மாற்றும்போது தவறிச் சூரியனை நோக்கித் திருப்பினார். நிலாவிலிருந்து வந்த நேரடி ஒளிபரப்பு அத்தோடு முடிந்தது. கடலிலிருந்து சூரியன் நேரே எழும் தூத்துக்குடி மாதிரி ஊர் டியூப் கேமராவுக்கு எவ்வளவு ஆபத்தான இடம் என்று இதிலிருந்தே தெரியும்.

ஆனால் பழைய சாயல் வேண்டுமென்று தேடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. வெள்ளை வெயிலில் உப்பு அம்பாரத்தை டியூப் கேமராவில் எடுத்தால் உள்விவரமே இல்லாத வெண்திட்டாக நிற்கும். பக்கத்தில் கூடையோடு நடப்பவரின் முகம் கறுத்து, விளிம்புகளில் மெல்லிய நிறக்கசிவு தெரியும். மூன்று குழாய்களின் படங்களும் மயிரிழை விலகிப் பொருந்துவதால் வருவது அது. இரவில் வ.உ.சி. துறைமுகத்தின் உயர்கம்ப விளக்குகளைத் தொலைவிலிருந்து பிடித்தபடி கேமராவை மெதுவாகத் திருப்பினால் விளக்குக்கு ஒரு வால் கிடைக்கும். (துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் எந்தக் கேமராவும் போகாது. வெளியிலிருந்தே போதும்.)

வெளிநாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1988 சிலி வாக்கெடுப்பைப் பற்றி பாப்லோ லாரெய்ன் 2012இல் எடுத்த 'நோ' படம் முழுக்க 1983 காலத்து டியூப் கேமராவில் யூமேட்டிக் டேப் முறையில் பதிவானது. உண்மையான அக்காலச் செய்திக் காட்சிகளும் புதிதாக நடித்ததும் எங்கே ஒட்டின என்று கண்டுபிடிக்க முடியாது. மறு வருடம் வெளிவந்த 'கம்ப்யூட்டர் செஸ்' படத்தை ஆண்ட்ரூ புஜால்ஸ்கி பழைய சோனி கறுப்பு வெள்ளை விடிகான் கேமராவில் எடுத்தார். இரண்டிலும் பின்னர் சேர்த்த 'எஃபெக்ட்' எதுவும் தேவைப்படவில்லை.

நம்மூரில் இதைச் செய்ய நினைப்பவர் முதலில் சண்டை போட வேண்டியது உப்புக்காற்றோடு. நாற்பது வயதுக் கேமராவின் இணைப்பு முனைகள் பச்சை பூத்திருக்கும், மின்தேக்கிகள் வற்றியிருக்கும், லென்ஸில் பூஞ்சை இருக்கும். இதையெல்லாம் பொறுமையுள்ள மெக்கானிக் சரிசெய்துவிடலாம். தேய்ந்த குழாய்க்கு மாற்றுத் தேடுவதுதான் கஷ்டம். பழைய இருப்பில் கிடைத்தால் உண்டு.

கேமரா கிடைக்காதவர்கள் பீரோவுக்குள் தேடலாம். எண்பதுகளின் கல்யாண கேசட்டுகளே நல்ல ஆதாரம். சன்கன் விளக்கின் வெளிச்சத்தில் மணப்பெண்ணின் ஆரம் அசையும்போது வால் விட்டால் அது டியூப் கேமரா. போட்டோக்காரரின் ஃபிளாஷ் அடித்த பிறகும் சில நொடித்துளிகள் அந்த வெளிச்சம் திரையில் மிச்சம் இருந்தாலும் அப்படித்தான். மாறாக, பளிச்சென்ற பல்பின் வழியே மேலிருந்து கீழாக நேர்க்கோடு ஓடினால் அது சிசிடி. எண்பதுகளின் பிற்பகுதி அல்லது தொண்ணூறுகள் என்று தைரியமாகச் சொல்லலாம். கேசட்டின் மேல் எழுதிய தேதி அழிந்துபோயிருந்தாலும் படமே ஏறத்தாழ வருடம் சொல்லிவிடும்.

இந்தக் கேசட்டுகளை டிஜிட்டலாக்கித் தரும் கடைகளில் 'கிளீன்' செய்து தருவதாகச் சொல்வார்கள். அந்த மென்பொருளுக்கு வாலும் இழுவையும் அழுக்கு. இரைச்சலோடு சேர்த்து அவற்றையும் துடைத்துவிடும். போதாக்குறைக்கு, விநாடிக்கு 50 பாதிப்படங்களாக இருப்பதை 25 முழுப்படங்களாக ஒட்டிக் கொடுப்பார்கள். அந்த வழவழப்பான அசைவு அதோடு போய்விடும். கொடுக்கும்போதே, துடைக்க வேண்டாம், 50ஐ 50ஆகவே வைத்துத் தாருங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. கோப்பின் அளவு கூடும், கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.