உணங்கலும் உறைவுலர்த்தலும்

நெய்தல் நிலப் பெண்கள் மீனை மணலில் பரப்பி, பறவைகள் கவராதபடி காவலிருந்த காட்சியைச் சங்கப் பாடல்களில் பல இடங்களில் காண்கிறோம். உலர்ந்த பொருளுக்கு அன்று வழங்கிய சொல் ‘உணங்கல்’. கோல சிலாங்கூரில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்த பாசிர் பெனாம்பாங்கில் இன்றும் மீன் உலர்கிறது. சொல்தான் ‘கருவாடு’ என்று மாறிவிட்டது.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் வற்றலையும் வடகத்தையும் ஊறுகாயையும் கைப்பழக்கமாகவே கொண்டுவந்தனர். 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமாராமும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. செம்பனைக்குப் பெயர்பெற்ற தோட்டம் தன் பெயரில் நம் தென்னைமரத்தைத் தாங்கி நிற்பது ஒரு வேடிக்கை.

ஆனால், சித்திரை வெயிலில் பிறந்த கைப்பழக்கம் இம்மண்ணின் ஈரக்காற்றில் இடர்ப்பட்டது. காலையில் முறத்தில் வைத்த மோர்மிளகாயைப் பிற்பகல் இடிமழைக்கு முன் எடுத்தாக வேண்டும். இதற்குப் பின்னுள்ள அறிவியலைச் சற்று விரிவாகக் கூறுவது தகும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு தானே காற்றிலிருந்து நீரை ஈர்க்கத் தொடங்குகிறது. கடலோரத்து ஈரப்பதம் இரவிலும் விடியலிலும் அவ்வெல்லையைப் பெரும்பாலும் கடந்தே நிற்கும். ஆகவேதான் நன்கு காய்ந்த கருவாடும் விடிந்ததும் பிசுபிசுக்கிறது. உப்புச் செறிவில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அடங்கிவிடும். சில பூஞ்சணங்கள் அடங்குவதில்லை. நீர்ச்செயற்பாடு என்னும் அளவை 0.6க்குக் கீழே கொண்டுவந்தாலன்றி எல்லா நுண்ணுயிர்களின் வளர்ச்சியும் நிற்காது. நம் பாட்டிமார் வடகத்தை அவ்வப்போது மீண்டும் வெயில் காட்டியது வீண்வேலையன்று.

இன்று வீடுகளுக்கும் வந்துவிட்ட புதிய முறையில் வெயிலுக்கு இடமில்லை. உணவை உறையச் செய்து, சுற்றியுள்ள காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றுவர். அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தின் ஏறத்தாழ 165இல் ஒரு பங்கிற்குக் கீழே, இறங்கியபின் நீர் திரவமாக நிலைக்க இயலாது. மெல்லச் சூடேற்றும்போது பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிறது. பனி இருந்த இடங்கள் நுண்துளைகளாக எஞ்சுவதால் உணவின் வடிவம் சுருங்குவதில்லை. ஆண்டிஸ் மலைமக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகல் வெயிலில் உலர்த்தும் ‘சூன்யோ’ இதற்கு உறவுமுறையானது. குளிர்பெட்டியில் நெடுநாள் கிடந்த இறைச்சியில் தோன்றும் வெளிறிய வறண்ட திட்டும் இதே மாற்றத்தால் விளைவதே.

பனி நேரே ஆவியாவதைப் ‘பதங்கமாதல்’ என்கிறோம். சித்த மருத்துவத்தில் பொருளை ஆவியாக்கிப் படியவைத்து எடுக்கும் மருந்துக்குப் ‘பதங்கம்’ என்று பெயர். அச்சொல்லே அறிவியலுக்கும் பயன்பட்டது. முறைக்கு என்ன பெயர் இடுவது? ‘உறை உலர்த்தல்’ எனப் பிரித்து எழுதினால் தலையணை உறையை உலர்த்துவதாகவும் பொருள் கொள்ளலாம்; தயிருக்கு ஊற்றும் உறையும் நினைவுக்கு வரும். ‘உறைவுலர்த்தல்’ என்னும் சேர்த்தெழுத்தை நாம் விரும்புகிறோம். ‘உறைவுணங்கல்’ இன்னும் அழகுதான். ஆனால் அங்காடியில் யார் அவ்வாறு கேட்பார்?

சொல்லைவிட முதன்மையானது ஒரு தவறான நம்பிக்கை. உறைவுலர்த்திய உணவில் கிருமி இராது எனப் பலர் கருதுகின்றனர். ஆய்வுக்கூடங்கள் நுண்ணுயிர்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்துவைக்கக் கையாளும் முறைகளுள் இதுவும் ஒன்று! பச்சை இறைச்சியை இவ்வாறு உலர்த்தினால் அது பச்சை இறைச்சியாகவே இருக்கும். நீர் சேர்த்தபின் முறையாகச் சமைத்தே உண்ண வேண்டும். நீர் சேர்ந்த உணவைப் புதிய உணவைப் போலவே விரைவில் பயன்படுத்தவோ குளிரில் வைக்கவோ வேண்டும்.

தேங்காய்ப்பால், நெய் முதலியவற்றில் உள்ள கொழுப்பை இம்முறை உலர்த்துவதில்லை. நாளடைவில் அது சிக்கு வாடை கொள்ளும். தேங்காய் அரைத்த குழம்பைவிடப் பலாச்சுளை இதற்கு ஏற்றது. அந்தச் சுளையையும் எந்திரத்திலிருந்து எடுத்தவுடன் காற்றுப் புகாத பையில் அடைத்துவிட வேண்டும். நுண்துளைகள் நிறைந்த அது, கோல சிலாங்கூர்க் காற்றில் திறந்து கிடந்தால், நெடுநேரம் செலவிட்டு நீக்கிய நீரைச் சிறிது நேரத்திலேயே மீண்டும் உறிஞ்சத் தொடங்கி நமுத்துவிடும்.