ரைஃபிள் தோட்டாவை ரிவால்வர்ல சுட்டா என்ன ஆகும்?

போன எபிசோட்ல பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் என்ன வித்தியாசம்னு பேசினப்போ, ரைஃபிளுக்காகச் செஞ்ச தோட்டாவைச் சுடுற ரிவால்வரும் இருக்குன்னு போகிற போக்கில் சொல்லிட்டேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: தோட்டா அதேதான்னா, ரிவால்வர்லயும் அதே பவர் வருமா?

வராது. ஏன் வராது, அமெரிக்காவில் வீட்டு மேசையில் உட்கார்ந்து தாங்களே தோட்டா தயாரிக்கிறவங்க அந்த இழப்பில் எவ்வளவைத் திரும்பப் பிடிக்கிறாங்க, இதுதான் இன்னிக்கு விஷயம். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செஞ்சுக்க ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை. இங்கே உரிமம் இல்லாம செஞ்சா 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால மருந்து எவ்வளவு போடணும்ங்கிற அளவு எதையும் நான் சொல்லப்போறதில்லை. அதை மருந்து தயாரிக்கிற கம்பெனிகளே சோதிச்சு கையேடா வெளியிடுறாங்க. செய்றவங்க பார்க்க வேண்டியது அதை, பாட்காஸ்ட்டை இல்லை.

முதல்ல, எதுக்கு இந்த வேலை? பழைய காரணம் ரொம்ப சிம்பிள். 1873-ல வின்செஸ்டர் ரைஃபிளோட .44-40ன்னு ஒரு தோட்டா வந்தது. அஞ்சு வருஷத்துல கோல்ட் கம்பெனி அதே தோட்டாவைச் சுடுற ரிவால்வரை விக்க ஆரம்பிச்சது. குதிரையில் போறவன் ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே டப்பா தோட்டா எடுத்துட்டுப் போனா போதும். அந்தக் காலத்துக் கரிமருந்துக்கு இது பெரிய பிரச்சினையும் இல்லை. புகையில்லா மருந்து வந்த பிறகுதான் கதை மாறுது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .44-40-க்கே அதிவேகத் தோட்டாக்கள் வந்தன. அவை ரைஃபிளுக்கு மட்டும்தான், ரிவால்வருக்கு ஆகாது. பேரும் அளவும் ஒண்ணு, உள்ளே இருக்கிற அழுத்தம் வேற. இந்தக் குழப்பம் இன்னிக்கும் தீரலை.

நான் எடுத்துக்கப்போற உதாரணம் .30 கார்பைன். அமெரிக்க ராணுவம் 1941-ல ஏத்துக்கிட்ட எம்1 கார்பைன் துப்பாக்கியின் தோட்டா இது. இரண்டாம் உலகப் போர்ல அந்தத் துப்பாக்கி 60 லட்சத்துக்கு மேல தயாரானது. போர் முடிஞ்ச பிறகு தோட்டா எக்கச்சக்கம் மிச்சம், மலிவு வேற. ரூகர் கம்பெனி தன்னோட பிளாக்ஹாக் ரிவால்வரை இந்தத் தோட்டாவுக்கும் 1960-களின் கடைசியில் கொண்டுவந்தது.

இப்போ நம்பர்ஸ். குண்டோட எடை சுமார் 7 கிராம். கார்பைனின் 18 இன்ச் குழல்ல இருந்து அது விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் கிளம்புது. பிளாக்ஹாக்கின் 7.5 இன்ச் குழல்ல சுமார் 455. 1944-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சோதனைக்காகச் செஞ்ச 4 இன்ச் ரிவால்வர்ல 390-க்குப் பக்கம். வேகத்தைப் பார்த்தா அவ்வளவு மோசமில்லைன்னு தோணும். ஆனா ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போகும், பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்தான். 1300 ஜூல் சொச்சம் இருந்தது 740, 540-னு இறங்கிடுது. அந்த 4 இன்ச் ரிவால்வரை ராணுவம் வாங்கவே இல்லை.

மிச்ச ஆற்றல் எங்கே போச்சு? துப்பாக்கி மருந்து ஒரேயடியா வெடிக்கிற சமாச்சாரம் இல்லை, எரியுற சமாச்சாரம். எரிய எரிய வாயு வரும், வாயு குண்டைத் தள்ளும். குழல் நீளமா இருந்தா அந்தத் தள்ளல் ரொம்ப நேரம் நடக்கும். குழல் சீக்கிரம் முடிஞ்சுட்டா, இன்னும் அழுத்தத்தோட இருக்கிற வாயு குண்டுக்குப் பின்னாடியே வெளியே பாயும். அதுதான் அந்தப் பெரிய தீப்பந்தும் காதைக் கிழிக்கிற சத்தமும். டெக்சஸ்ல இருக்கிற காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் வீடியோ கால்ல எனக்கு இதைச் சுட்டுக் காட்டினான். எனக்குச் சத்தமே கேட்கலை. அவனோட போன் மைக் அந்த ஒரு கணம் தாங்காம ஆடியோவையே விட்டுடுச்சு.

ரிவால்வர்ல இன்னொரு ஓட்டையும் இருக்கு. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல ஏ4 தாள் ஒண்ணு ரெண்டு நுழையுற அளவு இடைவெளி. சிலிண்டர் சுத்தணுமே, அதுக்காக. அது வழியாவும் வாயு கசியும். சுடும்போது யாரும் அது பக்கத்தில் விரல் வைக்காததுக்குக் காரணம் இதுதான்.

அப்போ வேகமா எரியுற மருந்தைப் போட்டா சின்னக் குழலுக்குள்ளேயே எரிஞ்சு முடிஞ்சிடுமே, வேகமும் திரும்ப வந்துடுமேன்னு கேட்பீங்க. நானும் முதல்ல அப்படித்தான் யோசிச்சேன். எல்லா எஞ்சினியரும் அப்படித்தான் யோசிப்பாங்க. ஆனா பதில் நேர் எதிர். துப்பாக்கி தாங்குற உச்ச அழுத்தத்துக்கு ஒரு எல்லை இருக்கு. வேகமா எரியுற மருந்து அந்த எல்லையைச் சட்டுனு தொட்டுட்டுச் சட்டுனு இறங்கிடும். மெதுவா எரியுறது அதே எல்லைக்குள்ள கூடுதல் நேரம் அழுத்திக்கிட்டே இருக்கும். கிராஃப் போட்டா, கோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்புதான் குண்டுக்குப் போற ஆற்றல். அதனால வெளியே அவ்வளவு தீ வீணாப் போனாலும், பெரும்பாலும் சின்னக் குழல்லயும் மெதுவான மருந்துதான் அதிக வேகம் தரும். வேகமான மருந்து தர்றது வேற: குறைஞ்ச தீ, கொஞ்சம் குறைஞ்ச சத்தம். என் ஃப்ரெண்ட் அதைத்தான் தேர்ந்தெடுத்தான். வேகம் போனா போகட்டும், ரேஞ்சுல பக்கத்துல நிக்கிறவன் முறைக்காம இருந்தா போதும்கிறான்.

சரி, மருந்தைத் தேர்ந்தெடுத்தாச்சு. அடுத்து பித்தளைக் கூடு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். வழக்கமான ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் வெளியே நீட்டுற விளிம்பு இருக்கும். தோட்டா சிலிண்டர் துளைக்குள்ள முழுசா விழாம தடுக்குறது அதுதான். .30 கார்பைனுக்கு அந்த விளிம்பு கிடையாது. கூட்டோட வாய், துளைக்குள்ள இருக்கிற ஒரு படியில் போய் உட்காரும். மொத்தத் தோட்டாவும் எங்கே நிக்கணும்னு தீர்மானிக்கிறது அந்த மெல்லிய வாய் ஓரம்தான்.

சுட்ட கூட்டை மறுபடி அளவுக்கு அழுத்தும்போது அது கொஞ்சம் நீளும். நீண்டதை வெட்டாம விட்டா வாய் அந்தப் படியில் நெரிஞ்சு, குண்டை விட மாட்டேன்னு பிடிச்சுக்கும், அழுத்தம் ஏறும். அதிகமா வெட்டினா தோட்டா உள்ளே போயிடும். சுத்தியல் அடிச்சாலும் பிரைமர்ல சரியாப் படாது. இங்கதான் ஒரு முடிச்சு. ரிவால்வர்ல ஒண்ணைச் சுடும்போது வர்ற உதைப்புல மத்த அறைகள்ல இருக்கிற குண்டுகள் முன்னாடி நழுவப் பார்க்கும். நழுவி வெளியே நீட்டினா சிலிண்டரே சுத்தாது. அதைத் தடுக்க, மத்த தோட்டாக்கள்ல கூட்டு வாயைக் குண்டுமேல நல்லா மடிச்சு இறுக்குவாங்க. இதுல அப்படி மடிக்க முடியாது, ஏன்னா தோட்டா நிக்கிறதே அந்த வாய் மேலதான். லேசா சாய்ச்சு அழுத்தி, கூட்டோட பிடிமானத்தையே நம்பணும். .30 கார்பைனோட உதைப்பு சின்னதா இருக்கிறதால இது ஓடுது.

இப்போ உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. குறைச்சுப் போட்டா பாதுகாப்புன்னு நம்ம புத்தி சொல்லும். உப்பு மாதிரி, குறைஞ்சா அப்புறம் சேர்த்துக்கலாம்னு. இந்தத் தோட்டாவுக்குப் பலர் பயன்படுத்துற ஹெச்110 மாதிரி மருந்துகளுக்கு அது செல்லாது. கையேட்டு அளவுக்குக் கீழே கண்டபடி குறைக்காதீங்கன்னு தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். கூட்டுக்குள்ள போதுமான அழுத்தம் இல்லைன்னா அது ஒழுங்கா எரியாது. குண்டு கிளம்பி, பாதிக் குழல்ல மாட்டி நிக்கலாம்.

தானியங்கித் துப்பாக்கியில் இப்படி ஆனா, பெரும்பாலும் அடுத்த தோட்டா ஏறாது. துப்பாக்கியே நின்னு, ஏதோ தப்புன்னு சொல்லிடும். ரிவால்வர் சொல்லாது. அதைச் சுத்துறது வாயு இல்லை, உங்க விரல். மறுபடி சுத்தியலை இழுத்தா சிலிண்டர் சமர்த்தா அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து நிறுத்தும். அடைச்ச குழலுக்குப் பின்னாடி இன்னொரு குண்டு கிளம்பினா, குழல் வீங்கும் இல்லை வெடிக்கும். எரர் மெசேஜ் எதுவும் வராது. சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதா இருந்ததுங்கிறது ஒரு அறிகுறி, அதையும் காதடைப்பானுக்கு மேல கேட்டுக் கண்டுபிடிக்கணும். சந்தேகம் வந்தா அங்கேயே நிறுத்தி, எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுத்துட்டு, குழலைப் பார்க்கணும். தயாரிக்கும்போதே ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் டார்ச் அடிச்சு மருந்து மட்டத்தைப் பார்த்த பிறகுதான் குண்டை வைப்பாங்க. என் ஃப்ரெண்ட் அந்த நேரத்துல போனை வேற ரூம்ல வெச்சிடுவான். நான் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான்.

இன்னொரு ரிவால்வரைச் சொல்லாம முடிக்க மனசில்லை. 1961-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 53 வந்தது. .357 மேக்னம் கூட்டோட கழுத்தை .22 அளவுக்குக் குறுக்கின ரெமிங்டன் ஜெட் தோட்டா அதுக்கு. புட்டி மாதிரி சரிவான உடம்பு. சுட்டதும் கூடு துளையின் சுவரை இறுக்கிப் பிடிக்கிறதுக்குப் பதிலா பின்னாடி வழுக்கி வந்து சட்டத்தில் முட்டும், சிலிண்டர் இறுகிடும். துளையில் துளி எண்ணெய் இருந்தாலும் இது நடக்கும். அதனால சுடுறதுக்கு முன்னாடி ஆறு துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாம துடைக்கணும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுப் பழகின கைக்கு அது எவ்வளவு கடுப்பா இருந்திருக்கும்! 1974-ல அந்த மாடலை நிறுத்திட்டாங்க. பிளாக்ஹாக் .30 கார்பைனோ அதுக்கப்புறமும் பல பத்து வருஷம் விற்பனையில் இருந்தது. அதோட கூட்டுக்குக் கழுத்து கிடையாது, சரிவும் கொஞ்சம்தான்.